கம்பனி கைவிட்டாலும் பாடுகிற பெட்டி

திருகோணமலை உவர்மலையில் மாமா வீட்டு ஹோலில் ஒரு சன்சுயி அம்பிளிபயர் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதியில் வேலை முடித்து வரும்போது அவர் கொண்டுவந்தது. சண்டைக் காலத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறது. சத்தம் கூட்டும் குமிழைத் திருகினால் கரகரவென்று இரையும், அவ்வளவுதான் குறை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டார்: "மருமோன், போனில இருக்கிற பாட்டை இந்தச் செற்றில போட ஏலுமா?"

ஏலும் என்றேன். சொன்னதைச் சரியாகச் செய்து முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நடுவில் 11,000 ரூபாவும் போனது.

காசு போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு கடையில் பெயர் தெரியாத ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன், நெட்வேர்க் பிளேயர் என்பார்கள். வைஃபையில் இணைத்து, அதற்கென்று இருந்த செயலியைப் போனில் போட்டு, செற்றின் பின்பக்கம் வயரைச் செருகியதும் பாடத் தொடங்கிவிட்டது. மாமாவுக்குப் பெரிய சந்தோசம். எட்டு மாதம் கழித்து அவர் புதுப் போன் வாங்கினார். அதில் போடுவதற்கு அந்தச் செயலியைத் தேடினால், அது செயலிக் கடையிலேயே இல்லை. எடுத்துவிட்டார்கள். பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. நீல வெளிச்சம் அழகாக மினுங்கியது. பாட்டுத்தான் வரவில்லை. நாற்பது வயது அம்பிளிபயர் வேலை செய்கிறது, எட்டு மாதப் பெட்டி செத்துப்போனது. நெட்வேர்க் பிளேயர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

திருகோணமலைக்காரருக்கு இதை வானொலியை வைத்துச் சொன்னால் சுகமாக விளங்கும். ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்கு எங்கள் ஊரில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது. எண்பதுகளிலிருந்து ஏறத்தாழ முப்பது வருடம் சிற்றலையிலும் மத்திய அலையிலும் ஆசியா முழுக்க ஒலிபரப்பினார்கள். 2010களின் தொடக்கத்தில் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருடைய றேடியோவாவது அதனால் குப்பைக்குப் போனதா? இல்லை. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் வேறு நிலையம் கிடைக்கும். சிற்றலை எந்தக் கம்பனிக்கும் சொந்தமான முறை இல்லை.

நெட்வேர்க் பிளேயர் அப்படிப்பட்டதல்ல. பார்க்க றேடியோ மாதிரி இருந்தாலும் அது ஒரு குட்டிக் கணினி. திரையும் விசைப்பலகையும் இல்லாமல், வைஃபை வழியாகவோ வயர் வழியாகவோ பாட்டை எடுத்து, அம்பிளிபயருக்கு விளங்கும் மின்னலையாக மாற்றிக் கொடுக்கிற கணினி. உள்ளே மென்பொருள் இருக்கிறது. அது எங்கேயோ இருக்கிற ஒரு சேவரோடு, அதாவது கம்பனியின் கணினியோடு, கதைக்கிறது. அந்தக் கதை நின்றால் பெட்டியும் நின்றுவிடும்.

பெரிய கம்பனிகளின் சாமானுக்கும் இது நடக்கும். கூகுள் 2015இல் குரோம்காஸ்ட் ஓடியோ என்று ஒரு வட்டமான சின்னச் சாமானை 35 டொலருக்கு விற்றது. இந்த வகையில் அவ்வளவு மலிவாக அவ்வளவு நல்லதாக வேறொன்று வந்ததில்லை என்பது என் எண்ணம். 2019 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பாவித்துக்கொண்டிருந்தவர்கள் தொடர்ந்து பாவித்தார்கள். 2025 மார்ச்சில் ஒருநாள் உலகம் முழுக்க அவை ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றன. காரணம், உள்ளே இருந்த பத்து வருடத்துக்கான ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. சில நாட்களில் கூகுள் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தது. அனுப்பாமல் விட்டிருந்தால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான கதை ஸ்குவீஸ்பொக்ஸினுடையது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பனி செய்தது. 2006இல் லொஜிடெக் அதை வாங்கியது, 2012இல் தயாரிப்பைக் கைவிட்டது, 2024இல் அதற்கான இணையச் சேவரையும் மூடியது. ஆனாலும் அந்தப் பழைய பெட்டிகள் இன்னமும் பாடுகின்றன. வீட்டுக் கணினியில் ஓடும் அதன் சேவர் மென்பொருள் யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால், பாவித்தவர்களே அதை எடுத்து லிரியன் மியூசிக் சேவர் என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். குரோம்காஸ்ட் ஓடியோவின் உயிர் கூகுளின் கையில் இருந்தது. ஸ்குவீஸ்பொக்ஸின் உயிர் அதை வைத்திருந்தவர்களின் கையிலேயே இருந்தது. பெட்டி வாங்கும்போது விலைக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

புளூடூத் போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. 3,000 ரூபாவுக்கு ஒரு புளூடூத் ரிசீவர் கிடைக்கிறது, பிறகு ஏன் இதெல்லாம்? நியாயமான கேள்விதான். தனியாளாக இருந்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு அது போதும். ஒலித்தரம் பலர் சொல்கிற அளவுக்கு மோசமும் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில். புளூடூத்தில் பாட்டு போனுக்குள் ஓடுகிறது; போன் அதை ரிசீவருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆகவே போன் குசினிக்குப் போனால் பாட்டு இழுபடும். போன் வாசலுக்குப் போனால் பாட்டும் போய்விடும். யாராவது அழைத்தால் பாட்டு நிற்கும். மாமி வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து நாதஸ்வரம் போட்டிருக்கும்போது, நடுவில் வாட்ஸ்அப் சத்தம் இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் 'டிங்' என்று அடிக்கும். ஒரு தடவை சிரிக்கலாம்.

நெட்வேர்க் பிளேயரில் பெரும்பாலும் நடப்பது வேறு. போன் ஒரு கட்டளை மட்டும் கொடுக்கிறது: இந்தப் பாட்டு இந்த இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துப் பாடு. பிறகு பெட்டி தானே நேராக இணையத்திலிருந்தோ வீட்டிலிருக்கும் டிஸ்கிலிருந்தோ இழுத்துக்கொள்கிறது. போனை அணைத்துவிட்டாலும் பாட்டு ஓடும். ஸ்பொட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட், வீட்டுக்குள்ளேயே பாட்டைப் பகிரும் டிஎல்என்ஏ மூன்றும் இந்த வகை. அப்பிளின் ஏர்பிளே மட்டும் பெரும்பாலும் புளூடூத்தைப் போலப் போனிலிருந்தே தள்ளுவது, ஆனால் வைஃபை வழியாகத் தள்ளுவதால் தூரமும் தரமும் அதிகம். வீட்டில் நாலு பேர் நாலு போனோடு இருக்கும் இடத்தில், அடுத்த பாட்டை யார் போனிலிருந்தும் மாற்றலாம் என்பது சின்ன வசதியில்லை. சண்டைக்கும் அதுவே காரணமாகலாம், அது வேறு கதை.

ஒலித்தரத்துக்குக் காசு கொட்ட வேண்டாம்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவது எப்போதும் இலக்கங்கள்தான்: 24 பிற், 192 கிலோஹேர்ட்ஸ். சீடியின் அளவு 16 பிற், 44.1 கிலோஹேர்ட்ஸ். இந்த அளவில் 22 கிலோஹேர்ட்ஸ் வரைக்குமான ஒலியைப் பதியலாம். மனிதக் காது நல்ல இளவயதிலேயே ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். மாமாவின் வயதில் அது 12ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்.

கேட்டுப் பார்த்தும் சோதித்திருக்கிறார்கள். பொஸ்டன் ஒலிச் சங்கத்தைச் சேர்ந்த மேயரும் மொரனும் 2007இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உயர்தர வட்டிலிருந்து வரும் ஒலியை அப்படியே ஒரு தடவை, சீடியின் அளவுக்குக் குறைத்து ஒரு தடவை என்று மறைவாக மாற்றிமாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 554 தடவையில் 276 தடவைதான் கேட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். அந்த ஆய்வைப் பற்றி இன்றுவரை வாதம் நடக்கிறது, நடக்கட்டும். கடற்காற்று யன்னலை அடிக்கிற, மேலே ஃபேன் சுழல்கிற, வெளியே முச்சக்கரவண்டி போகிற வீட்டில் அந்த வாதத்துக்கு இடமில்லை.

டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றுகிற சிப்பை டாக் என்பார்கள். இன்றைக்கு அது மிக மலிவாகிவிட்ட சாமான். அப்பிள் 9 டொலருக்கு விற்கிற, போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகும் அந்தக் குட்டி வயருக்குள்ளேயே அளந்து பார்த்தவர்கள் மெச்சுகிற டாக் இருக்கிறது. ஆகவே 150 டொலர்ப் பெட்டிக்கும் 220 டொலர்ப் பெட்டிக்கும் வித்தியாசம் டாக்தான் என்றால், மிச்சக் காசை ஸ்பீக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வைத்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் கேட்கும். அதற்குக் காசே வேண்டாம்.

உங்கள் பாட்டு எங்கே இருக்கிறது?

எந்தப் பெட்டி என்பது உண்மையில் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. அதற்குப் பிறகு பாடல் கேட்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு பாட்டும் இல்லை, எல்லாம் இணைய மேகத்தில். அவர்களுக்கு ஸ்பொட்டிஃபை கனெக்ட் உள்ள எந்தப் பெட்டியும் சரி. யூடியூப் மியூசிக்கில் கேட்டே பழகியவருக்குக் கூகுள் காஸ்ட் உள்ள பெட்டி வேண்டும், அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புளூடூத்துக்கு ஓட வேண்டிவரும். ஐபோன் வீடு என்றால் ஏர்பிளே. இதில் யோசிக்க அதிகமில்லை.

டேட்டாக் கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஏனென்றால் எங்கள் வீடுகளில் பாதி இன்னும் அளவு வைத்த பக்கேஜில்தான் ஓடுகிறது. ஸ்பொட்டிஃபையின் செக்கனுக்கு 320 கிலோபிற் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 144 மெகாபைற் போகும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் கேட்டால் மாதம் 17 ஜிபி. அதையே சீடித் தரத்து இழப்பில்லாக் கோப்பாகக் கேட்டால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 400 மெகாபைற், மாதம் 48 ஜிபி. மாமா காலை ஐந்தரைக்குப் போட்டால் படுக்கப் போகும்வரை நிறுத்துகிற ஆள் இல்லை, அவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

மேகத்தில் கிடைக்காத பாட்டு பற்றித்தான் நான் கூடுதலாக எழுத வேண்டும். மாமாவின் அலுமாரியில் 140 கசெற்றுகள் இருக்கின்றன. கோயில் திருவிழாக்களில் பக்கத்தில் ரெக்கோடரை வைத்துப் பதிந்த மேளக் கச்சேரிகள், எழுபதுகளின் பொப்பிசை, யாரோ கனடாவிலிருந்து அனுப்பிய குரல் கடிதம் ஒன்றுகூட. கசெற் பிளேயரின் வெளிவாயிலிருந்து கணினிக்கு வயர் கொடுத்து, ஓடசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து, தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகச் சேமிக்கலாம். சீடித் தரத்தில் 128 ஜிபி பென் டிரைவ் ஒன்றுக்குள் 300 சீடிக்கு மேல் அடங்கும். அந்தப் பென் டிரைவைப் பின்னால் யூஎஸ்பி வாய் உள்ள ரூட்டரில் செருகினால், பல ரூட்டர்கள் அதை டிஎல்என்ஏ முறையில் வீடு முழுக்கப் பகிர்ந்துவிடும். டிஎல்என்ஏ 2003இல் பல கம்பனிகள் சேர்ந்து உண்டாக்கிய பொது முறை. பழசு, அவலட்சணம், தேடுவது சிரமம். ஆனால் அதற்கு இணையமே வேண்டாம், எந்தக் கம்பனியின் அனுமதியும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே நடக்கிற விஷயம்.

இங்கே இரண்டு தொல்லைகள் எங்கள் ஆட்களுக்கே உரியவை. ஒன்று, பெயர்கள். பழைய எம்பி3 பாட்டுகளில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எந்தத் தளத்திலிருந்து இறக்கினோமோ அதன் பெயர் இருக்கும். அதைவிட மோசம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்கள். யூனிகோட் வருவதற்கு முன்னர் பாமினியில் அழகாக எழுதி வைத்தவை எல்லாம் பிளேயரின் பட்டியலில் ஆங்கில எழுத்துகளின் கூளமாக விழும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்புறையை மொத்தமாகத் திறந்து பெயர்களை மாற்றலாம். மழைக்கால வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இடைவெளி. ராகம் தானம் பல்லவி ஒன்றைச் சீடியில் மூன்று துண்டாக வெட்டியிருப்பார்கள். தானம் முடிந்து பல்லவி எடுக்கிற இடத்தில் மலிவான பெட்டிகள் ஒரு செக்கன் மௌனமாகும். சினிமாப் பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. கச்சேரி கேட்பவருக்கு அது சோற்றில் கல். வாங்குமுன் 'கேப்லெஸ்' வசதி இருக்கிறதா, அதுவும் டிஎல்என்ஏயில் பாடும்போது வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

கரண்ட், உப்பு, இடி

வெளிநாட்டு விமர்சனங்களில் இல்லாத பகுதி இது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் போகும், வரும். கரண்ட் வந்ததும் பெட்டி அரை நிமிடத்தில் விழித்துவிடும், ரூட்டர் எழும்ப மூன்று நிமிடம் எடுக்கும். விழித்த பெட்டி வைஃபையைக் காணாமல் சோர்ந்துபோய், பிறகு தேடாமலேயே இருந்துவிடுகிற வகைகள் உண்டு. என்னுடைய 11,000 ரூபாப் பெட்டி அப்படித்தான். அந்த நாட்களில் எல்லோரும் வாங்கிய சின்ன டிசி யூபிஎஸ் இன்னும் வீட்டில் கிடந்தால் ரூட்டருக்குப் போட்டுவிடுங்கள், பாதித் தொல்லை போய்விடும்.

வைஃபையைப் பொறுத்தவரை எங்கள் வீடுகள் சீமெந்துக் கல்லும் கொங்கிறீற்றும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை ஒரு சுவர் தாண்டினாலே களைத்துவிடும், 2.4 கொஞ்சம் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதில்தான் நிற்கின்றன. செற்றும் ரூட்டரும் ஒரே அறையில் என்றால் வயர் வாய் உள்ள பெட்டியை வாங்கி, ஒரு லான் வயரால் இணைத்துவிட்டு மறந்துவிடலாம்.

ஆனால் அந்த வயருக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடி எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் எடுக்கிற வீடுகளில், இடி விழுந்தால் மின்சாரம் அந்தக் கம்பியால் ரூட்டருக்கு வந்து, லான் வயரால் பெட்டிக்குப் போய், அங்கிருந்து அம்பிளிபயருக்கும் போகலாம். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதனால் வராது, கரண்ட் வழியாக வரலாம். வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுகிற பழைய வழக்கம் நல்ல வழக்கம்.

உப்புக்காற்றைச் சொல்லாமல் விட முடியாது. திருக்கடலூர்ப் பக்கம், உப்புவெளிப் பக்கம் இருப்பவர்களின் செற்றுக்குப் பின்னால் பாருங்கள்: சிவப்பு, வெள்ளை வாய்களின் உலோகம் பச்சை பூத்திருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால் பெட்டியைக் குறை சொல்லுமுன், கரண்டை நிறுத்திவிட்டு வயரை நாலு தரம் செருகிக் கழற்றுங்கள். மின்சாமான் கடையில் கிடைக்கும் கொன்டக்ட் கிளீனர் ஒரு தகரம் வருடக்கணக்கில் வரும். மாமாவின் குமிழ் இரைச்சலும் அதில்தான் அடங்கியது.

இனி, என்ன வாங்கலாம்?

ஒன்றும் வாங்காமல் தொடங்கலாம். ஹெட்போன் ஓட்டை உள்ள பழைய அண்ட்ரொயிட் போன் ஒன்று எல்லா வீட்டு லாச்சியிலும் கிடக்கிறது. அதைச் செற்றின் பக்கத்தில் நிரந்தரமாக வைத்து, ஸ்பொட்டிஃபை போட்டு, வயரால் இணையுங்கள். கையிலிருக்கும் புதுப் போனில் அதே கணக்கைத் திறந்தால் பழைய போன் ஒரு பிளேயராகப் பட்டியலில் தெரியும். இருந்த இடத்திலிருந்தே பாட்டு மாற்றலாம். சிம் இல்லாததால் அழைப்பும் வராது, வாட்ஸ்அப்பும் வராது. ஒரே கவனம், நாள் முழுக்கச் சார்ஜில் கிடந்தால் பற்றரி ஊதும். முதுகு உப்பினால் உடனே எடுத்துவிட வேண்டும். இந்த முறையில் ஒரு மாதம் இருந்து பார்த்தால், உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் இப்போதைக்கு மலிவுப் பக்கத்தில் பேச்சு வீம் பற்றித்தான். லிங்க்பிளே என்ற கம்பனியின் பெட்டிகள் இவை. வேறு பல பெயர்களில் வரும் பெட்டிகளுக்குள் இருக்கும் மின்பலகையும் அவர்களுடையதே. வீம் மினி 100 டொலருக்குள் வந்தது, அதில் ஏர்பிளே உண்டு, கூகுள் காஸ்ட் இல்லை, லான் வயர் வாயும் இல்லை. வீம் புரோ 149 டொலருக்கு வந்தது. அதில் இந்த எல்லாமும் உண்டு. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 45,000, அதற்கு மேல் வரி, கொண்டுவரும் செலவு. 219 டொலருக்கு வந்த புரோ பிளஸில் கூடுதலாக வருவது முக்கியமாக நல்ல டாக்கும் ஒரு ரிமோட்டும். டாக்கைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

நான் புரோவைச் சொல்வதற்குக் காரணம் அதன் ஒலியல்ல. அது ஸ்பொட்டிஃபை, காஸ்ட், ஏர்பிளே, டிஎல்என்ஏ நான்கையும் பேசுகிறது. மேலே சொன்ன லிரியன் சேவருக்கும் பிளேயராக நிற்கிறது. நாளைக்குக் கம்பனி செயலியைக் கைவிட்டாலும் வேறு நான்கு வாசல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் ஒருவரின் பெட்டியில் அது சின்ன இடம்தான் பிடிக்கும். குறை இல்லாமல் இல்லை: பென் டிரைவ் செருகும் வாய் புரோவில் இல்லை, அதன் யூஎஸ்பி கரண்டுக்கு மட்டும்.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிப் பலகை தெரிந்தவர்களுக்கு வேறு வழி. 2021இல் வந்த சீரோ 2 டபிள்யூ என்ற குட்டிப் பலகையின் அறிமுக விலை 15 டொலர். அதில் ஒலி வெளிவரும் ஓட்டை இல்லாததால் மேலே ஒரு டாக் பலகை பொருத்த வேண்டும். மென்பொருள் இலவசம்: வொலூமியோ, மூட், பைகோர்பிளேயர் என்று பல. எங்கள் ஊருக்குப் பைகோர்பிளேயரைச் சொல்வேன். அது தொடங்கும்போதே முழுவதையும் நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு ஓடுவது, ஆகவே திடீரென்று கரண்ட் போனாலும் மெமரி காட் கெடுவது அரிது. அதோடு லிரியன் சேவரையும் அதற்குள்ளேயே ஓட்டலாம். மலிவு, நீடித்து உழைக்கும், யாரும் மூட முடியாது. ஆனால் ஏதாவது குழம்பினால் திருத்துகிற ஆள் வீட்டில் இருக்க வேண்டும். நான் கொழும்பில் இருக்கிறேன், மாமா உவர்மலையில்.

பழைய சாமானில் ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம். அப்பிளின் எயர்போர்ட் எக்ஸ்பிரஸ், 2012இல் வந்த வெள்ளைச் சதுரப் பெட்டி. 2018இல் விற்பனையை நிறுத்திய பிறகும் அதே வருடம் ஏர்பிளே 2ஐ அதற்கு அனுப்பினார்கள். ஐபோன் வீட்டில், மலிவாகக் கிடைத்தால், விடாதீர்கள்.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்துவிட்டு மட்டும் பில்லைக் கிழியுங்கள். வீட்டு ரூட்டரை ஓடவிட்டபடியே, வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியைக் கழற்றுங்கள். இப்போது பென் டிரைவிலோ கணினியிலோ இருக்கும் ஒரு பாட்டைப் பெட்டியில் போட முடிகிறதா? முடிந்தால் நல்ல பெட்டி. முடியாவிட்டால் நீங்கள் வாங்கியிருப்பது யாரோ ஒருவருடைய கடையின் வாசற்கதவை.

இணைப்பது பெரிய வித்தை இல்லை. பெட்டியின் சிவப்பு, வெள்ளை வயர் ஆக்ஸ், டியூனர், டேப், சீடி இதில் எதற்குள் போனாலும் ஒன்றுதான். ஃபோனோ என்று எழுதிய வாய்க்குள் மட்டும் போகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியின் மிகச் சன்னமான மின்னலையை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்குவதற்கு உள்ளது; இந்தப் பெட்டிகள் கொடுக்கிற 2 வோல்ட் அதற்குள் போனால் சத்தம் கிழியும், ஸ்பீக்கரும் தாங்காது. முதல் தடவை செற்றின் குமிழைக் கீழே இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். செயலியில் சத்தத்துக்கு உச்ச வரம்பு வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கட்டாயம்.

மாமா வீட்டில் இப்போது புரோ இருக்கிறது, லான் வயரில். ரூட்டரின் முதுகில் பென் டிரைவ். தனியாக ஒரு ரிமோட்டும் வாங்கிக் கொடுத்தேன். அதில் பிடித்த நிலையங்களைப் பதித்து வைக்கும் பொத்தான்கள் உண்டு. முதலாவது இணையத்தில் வருகிற ஒரு தமிழ் வானொலி, இரண்டாவது மாமியின் நாதஸ்வரப் பட்டியல். செயலியை மாமா திறப்பதே இல்லை. கசெற்றுகளில் 31 முடிந்திருக்கிறது. 60 நிமிடக் கசெற்றைப் பதிய 60 நிமிடம் ஆகும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. அந்தக் கனடாக் குரல் கடிதத்தை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.